கருத்து எண் நாற்பத்தொன்று

எங்கள் ஆபீஸ் என்ன செய்கிறது என்று தண்டையார்பேட்டையில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. பதினோரு வருடம் அங்கே தட்டச்சு செய்தபிறகும் எனக்கே சில நாள் சந்தேகம் வரும். வாசல் போர்டில் மின்சாரம் என்பது பெரிய எழுத்திலும், ஒழுங்குமுறை ஆணையம் என்பது அதற்குக் கீழே சின்ன எழுத்திலும் இருப்பதால், மீட்டர் ஓடவில்லை, ஃபியூஸ் போய்விட்டது என்று மாதத்துக்கு நாலு பேராவது படியேறி வந்துவிடுவார்கள். வாட்ச்மேன் அவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, திருப்பி அனுப்புவார்.

மேலே தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் இரண்டு பேர். மூவரும் மேடையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து நீதிபதிகளைப் போலக் கேட்பார்கள். அவர்களுக்குக் கீழே செயலாளர். அவருக்குக் கீழே கட்டணத்துக்கு ஒரு பிரிவு, பொறியியலுக்கு ஒரு பிரிவு, சட்டத்துக்கு ஒரு பிரிவு. எல்லாப் பிரிவுக்கும் கீழே நான். நாங்கள் மின்சாரம் தயாரிப்பதில்லை, விற்பதில்லை, ஒரு முழம் கம்பிகூட இழுப்பதில்லை. விற்கிற நிறுவனம் என்ன விலைக்கு விற்கலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதுவதுதான் வேலை. விலையை மாற்ற வேண்டுமென்றால் நிறுவனம் எங்களிடம் மனு போட வேண்டும். ஆறு பிரதி. ஐந்து பிரதியோடு வருபவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டுத்தான் வரவேண்டும். அந்தக் கடைக்காரர் எங்கள் தலைவருக்கு மட்டும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்.

மனு வந்ததும் பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். யார் வேண்டுமானாலும் டோக்கன் வாங்கிப் பேசலாம். பேசியதை எல்லாம் நான் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு ஒரே மாதிரியான கருத்துகளைச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு எண் போட்டு, நிறுவனத்துக்கு அனுப்புவோம். நிறுவனம் எண் வாரியாகப் பதில் சொல்ல வேண்டும், அதுவும் பிரமாணப் பத்திரத்தில். கருத்து, பதில், ஆணையத்தின் பார்வை என்று மூன்றும் இறுதி உத்தரவில் அச்சாகும். அவ்வளவுதான் எங்கள் வேலை. இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை.

அன்றைக்கு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தோம். எதிர்வீட்டு அக்கா ராயபுரம் சர்ச்சில் பூசை முடித்துவிட்டு, நல்ல புடவையை மாற்றாமலே நேராக வரிசைக்கு வந்திருந்தார். அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஹார்பரில் முப்பது வருடம் நிலக்கரி இறக்கியவர். இப்போது நுரையீரல் சரியில்லாமல் ஆக்சிஜன் மிஷினோடு படுத்திருந்தார். நிலக்கரித் தூளா, பீடியா என்று டாக்டரைக் கேட்டதற்கு, ரெண்டும்தான் என்று இரண்டுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

மிஷின் கரண்டில் ஓடுவது. மாலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி போடுவார்கள். போட்டதும் டியூப் லைட் கண் சிமிட்டும், மின்விசிறி நடைபோடும், மாமாவின் மிஷின் கீ கீ என்று கத்திவிட்டு நின்றுவிடும். அக்கா ஓடிப்போய் சிலிண்டரை மாட்டுவார். இரண்டு மணி நேரம் தாங்குகிற சின்ன சிலிண்டர். காலையில் அதைக் குழந்தையை அணைப்பதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வண்ணாரப்பேட்டைக்குப் போய் நிரப்பி வருவார். தெருமுனை டிரான்ஸ்பார்மர் பழசு, பாரம் தாங்கவில்லை, பெரியது வைக்க வேண்டும் என்பது தெருவில் கட்டியிருக்கும் ஆட்டுக்குக்கூடத் தெரியும். ஆடு அந்தக் கம்பத்தில்தான் கட்டியிருக்கும்.

"கரண்ட் ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்சிடுச்சு," என்றார் அக்கா. "நீயும் கரண்ட் ஆபீஸ்லதானே கீற? சொல்லேன்."

"கரண்ட் ஆபீஸ் இல்லக்கா," என்றேன். "நாங்க அவங்களுக்கே மேல. நாங்க சொன்னா அவங்க கேட்டுத்தான் ஆவணும்."

சட்டப்படி அது சரியான வாக்கியம். தண்ணீர் லாரி வரிசையில் சொல்லியிருக்கக் கூடாது. என் ஆபீசைக் கரண்ட் ஆபீஸ் என்றதும் வந்த ரோஷத்தில் சொல்லிவிட்டேன். தனிப்பட்ட வீட்டுக் குறைகளுக்குக் குறைதீர் மன்றம் என்று வேறு இடம் இருக்கிறது, அங்கும் சரிவராவிட்டால் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், ஆணையத்தின் மேடைக்கு டிரான்ஸ்பார்மர் வராது என்பதெல்லாம் வாய்க்குள் இருந்தது. லாரி வந்துவிட்டது.

அடுத்த மாதம் பொது விசாரணை. அரங்கில் மேடைக்குக் கீழே, மைக்குக்குப் பக்கத்தில் என் மேசை. ஆளுக்கு மூன்று நிமிடம். சங்கத்துக்காரர்கள் பேசினார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வருடம் தவறாமல் வருவார். அவர் எந்த இடத்தில் இருமுவார் என்பதுவரை எனக்குத் தெரியும். அவருக்கு அடுத்த டோக்கன் யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தேன். அதே நல்ல புடவையில் எதிர்வீட்டு அக்கா.

அக்கா மைக்கில் ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்து மைக்கின்மேல் வைத்தார். கீ கீ என்று மிஷின் கத்துகிற சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. பிறகு அது நின்றது. அதன்பின் ஒரு ஆள் மூச்சு வாங்குகிற சத்தம். அதை எப்படித் தட்டச்சு செய்வது என்று விதியில் இல்லை. அடைப்புக்குறிக்குள் 'கைபேசியில் ஒலி' என்று போட்டேன்.

"இது எங்க வூட்டுக்காரர் சார்," என்றார் அக்கா. "தினிக்கும் ஏழு மணிக்கு இப்டித்தான். நீங்க வெல ஏத்திக்கோங்க, ஏத்தாங்காட்டிப் போங்க. எங்க தெருவுக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் ஒண்ணு வெக்கச் சொல்லுங்க."

தலைவர் நல்ல மனிதர். "அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா இது கட்டண விசாரணை. இதுக்குக் குறைதீர் மன்றம்னு தனியா இருக்கு, அங்க போகணும்," என்றார்.

"அது எனக்குத் தெரியாது சார். இங்கதான் எல்லாத்துக்கும் மேலன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?"

"தோ, உங்க காலாண்ட குந்திகினு டைப் அடிச்சிகினு கீதே, அந்தப் பொண்ணுதான்."

அரங்கம் சிரித்தது. மேடையிலிருந்த மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் அவர்கள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மணி அடித்தது. தலைவர் "பதிவு செய்யப்பட்டது" என்றார். அக்காவின் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் பதிவு செய்யவில்லை. என் பணிக்காலத்தில் நான் விட்ட ஒரே வாக்கியம் அது.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு மன்றத்துக்கான மனுவை எழுதிக்கொடுத்தேன். அது போய் வரிசையில் நின்றது. மறுநாளிலிருந்து ஆபீசில் கருத்துகளைக் கட்டும் வேலை. வழக்கப்படி, குறைந்த மின்னழுத்தம் என்று பேசிய எல்லோரையும் ஒரே கட்டில் போட வேண்டும். 'சில நுகர்வோர் மின்னழுத்தம் குறித்துக் கவலை தெரிவித்தனர்.' அதற்கு நிறுவனத்தின் பதிலும் எனக்கு மனப்பாடம்: 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.' அந்தக் கட்டுக்குள் போனால் மாமா அதோடு காணாமல் போய்விடுவார். மூன்று நாள் யோசித்தேன். பிறகு தெரு, டிரான்ஸ்பார்மர் இருக்கும் முனை, மிஷின், மாலை ஏழு மணி எல்லாம் போட்டு ஒரு கருத்தைத் தனியாக அடித்து, நாற்பத்தொன்று என்று எண் கொடுத்தேன். எண் கொடுத்துவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் துணை இயக்குநர் ஒரு கமாவைக்கூட விதியைப் பார்த்துப் போடுகிறவர். வரைவைப் படித்துக்கொண்டே வந்து நாற்பத்தொன்றில் நின்றார்.

"இது ஏன்மா தனியா நிக்குது?"

"வேற எதோடயும் சேரல சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். 'சுவாசக் கருவி' என்பதற்கு முன்னால் 'மருத்துவ' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

நிறுவனத்தின் பதில் பிரமாணப் பத்திரமாக, ஆறு பிரதியில் வந்தது. நாற்பத்தொன்றுக்கு எதிரே, 'குறிப்பிட்ட இடத்தில் அதிகத் திறன் கொண்ட டிரான்ஸ்பார்மர் நிறுவப்பட்டுவிட்டது' என்று இருந்தது. சந்தோஷத்தில் இரண்டு தடவை படித்தேன். அன்று இரண்டு தெரு முன்னாலேயே ஆட்டோவை விட்டு இறங்கி, பார்த்துக்கொண்டே நடந்தேன். முனையில் அதே பழைய டிரான்ஸ்பார்மர். அதே ஆடு.

என்ன நடந்திருக்கும் என்று விசாரிக்காமலே தெரிந்தது. தலைமை அலுவலகம் போன் போட்டுக் கேட்டிருக்கும். இங்கே எங்கள் பகுதி கரண்ட் ஆபீசில் இருப்பவர் எஸ்டிமேட் சாங்ஷன் ஆகிவிட்டதைப் பார்த்து, முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பார். அவர்கள் ஊரில் சாங்ஷன் ஆனால் அது முடிந்த மாதிரி. இரண்டுக்கும் நடுவில் கிரேன் என்று ஒன்று வரவேண்டும் என்பது பேப்பரில் தெரியாது.

மறுநாள் துணை இயக்குநரிடம் போனேன். "சார், நாற்பத்தொன்று இல்ல சார்."

"எது இல்ல?"

"டிரான்ஸ்பார்மர்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதைத் தாண்டித்தான் சார் வீட்டுக்குப் போறேன்."

"நீ பார்த்ததை ஃபைலில் எழுத முடியாது. இந்த வழக்குல நீ கட்சிக்காரர் இல்ல," என்றார். அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். "ஆனா சரிபார்ப்புக்குன்னு நாம எதையும் கேட்கலாம். எடுத்துக்கோ." நின்றபடியே குறிப்பெடுத்துக்கொண்டேன். கருத்து எண் நாற்பத்தொன்றில் கூறப்பட்ட டிரான்ஸ்பார்மர் இயக்கத்துக்கு வந்த தேதியையும், புகைப்படத்தையும் ஒரு வாரத்தில் தாக்கல் செய்யவும். அவ்வளவுதான் கடிதம். "சத்தியம் பண்ணினதை இல்லைன்னு சொல்றது கஷ்டம்," என்றார். "அதுக்கு டிரான்ஸ்பார்மரை வெச்சிடறது சுலபம்."

நாலாம் நாள் காலை தெருவில் கிரேன் நின்றது. ஆட்டை அவிழ்த்தார்கள். பழையதை இறக்கி, பெரியதை ஏற்றினார்கள். கம்பி மாட்டுவதற்கு முன்னாலேயே ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். அக்கா நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு டிரான்ஸ்பார்மருக்கு நேர் கீழே நின்றிருந்தார்.

"தள்ளிக்கோமா, போட்டோ எடுக்கணும்."

"எடுத்துக்கோ. நான் இன்னா புட்டுத் துன்னவா போறேன் உங்க டிரான்ஸ்பார்மர?"

அவசரத்தில் அவர்கள் அப்படியே எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆணையத்தின் கோப்பில், இணைப்பாக, அக்கா நைட்டியில் நிற்கிறார். துணை இயக்குநர் அந்தப் படத்தில் முத்திரை குத்திப் பக்க எண் போட்டார். குறைதீர் மன்றத்திலிருந்து விசாரணைத் தேதி அதற்கும் ஒரு மாதம் கழித்து வந்தது. அக்கா மரியாதைக்குப் போய், வைத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

இறுதி உத்தரவு அச்சானதும் அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மாமாவிடம் கொண்டுபோனேன். மாலை ஏழரை மணி இருக்கும். எல்லா வீட்டிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மாமா சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் குழாய். மிஷின் லாரி இன்ஜினைப்போல் ஓடிக்கொண்டிருந்தது. உத்தரவு ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் சொல்லிக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன்.

மாமா கையைத் தூக்கினார். "கேக்கல," என்றார்.

சத்தமாகப் படித்தேன். தலையை ஆட்டினார். பிறகு எட்டி, மிஷினின் ஸ்விட்சை அவரே அணைத்தார். அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். மாமா, இரு என்பதுபோல் அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, என்னைப் படிக்கச் சொன்னார்.

வேகமாகப் படித்தேன். ஒரு நுகர்வோர், தன் கணவரின் மருத்துவ சுவாசக் கருவி மாலை ஏழு மணியளவில் நின்றுவிடுவதாகத் தெரிவித்தார். டிரான்ஸ்பார்மர் நிறுவப்பட்டுவிட்டதாக நிறுவனம் பதிலளித்துள்ளது. ஆணையம் இதைப் பதிவு செய்கிறது.

மாமாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. "அந்தக் கணவர்..." என்றார்.

"நீங்கதான் மாமா."

"ஹார்பர்ல முப்பது வருசம்," என்றார். நிறுத்தி, மூச்சு வாங்கினார். "ஒரு பேப்பர்லயும்... எழுதல."

பேப்பரை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார். பிறகு ஸ்விட்சைப் போட்டார். மிஷின் உடனே ஓட ஆரம்பித்தது.