இரண்டு சவரிமுத்துகள்

கொட்டாஞ்சேனைக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் என் பூட்டன் சவரிமுத்துவின் பெயரைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. பல மாதங்களாகத் தேடியவர். வெள்ளவத்தைக்குத் திரும்பும் கரையோர ரயிலில், துறைமுக வேலை முடிந்த களைப்போடு, பெரிய மீசையோடு, அவர் என் கற்பனையில் பக்கத்தில் அமர்ந்து கடலைப் பார்த்தபடி வந்தார். பதிவேட்டில் இருந்த பிறந்த திகதியை அவரது கல்லறையில் பொறிக்கும்படி அன்றே கல் வெட்டுபவரிடம் சொல்லிவிட்டேன்.

அவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கப் போனபோது ஃபாதர் கேட்டார்: "மகள், அடக்கப் பதிவையும் பார்த்தனீங்களோ?"

"இல்லை ஃபாதர், ஏன்?"

"அந்தக் காலத்தில ஒரு பிள்ளை செத்தா, அடுத்த பிள்ளைக்கும் அதே பெயரை வைப்பினம்."

பார்த்தேன். நான் கண்ட சவரிமுத்து தவழும் முன்பே இறந்திருந்தான். அவனுக்குப் பின் பிறந்த தம்பிதான் என் பூட்டன். ரயிலில் வந்த மீசைக்காரர் மெல்லச் சிறுத்து என் மடியில் குழந்தையானார். கல் வெட்டுபவருக்குப் போன் செய்தேன். நல்லவேளை, அவர் இன்னும் தொடங்கவில்லை.

இப்போது எந்தப் பெயர் கிடைத்தாலும் அடக்கப் பதிவையும் பார்த்த பிறகே நம்புகிறேன். பூசைக்குச் சவரிமுத்து என்று இரண்டு முறை எழுதிக் கொடுக்கிறேன். பிழையென்று நினைத்து ஃபாதர் பூசையில் ஒன்றை வாசிக்காமல் விட்டுவிடக்கூடாதே என்று, முதல் பெயருக்குப் பக்கத்தில் 'குழந்தை' என்றும் எழுதிவிடுகிறேன்.