திறக்காத கேட்

பகல் வெளிச்சத்தில்தான் அந்த சூடான் மாணவன் அடுகோடி ஏரியாவில் இருந்த எங்கள் வீட்டு கேட்டை உலுக்கினான். "ஆன்ட்டி, ப்ளீஸ், ஓப்பன்!" அவன் பின்னால், கறுப்பன் என்று கத்திக்கொண்டு ஒரு கும்பல்.

நான் கதவைத் தாழிட்டேன். சிறுவயதில், இதே ஊரில் காவிரிக் கலவரத்தில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தபோது எங்களை உள்ளே இழுத்துக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாதான். அதை மறக்கவில்லை, ஆனாலும் தாழிட்டேன்.

கேட்டருகிலேயே அவனை அடித்துக் கொன்றார்கள். போலீஸிடம், "நான் வீட்டிலேயே இல்லை சார்" என்றேன். சாட்சி இல்லாமல் வழக்கு பத்து வருஷம் கிடந்தது. பிறகு மனசு கேட்காமல் நானே போய் கோர்ட்டில் உண்மையைச் சொன்னேன். அடித்தவர்களுக்கு ஆயுள் தண்டனை.

வெளியே வந்ததும் அந்த மாணவனுடைய அண்ணன் என் கையைப் பிடித்தான். "தேங்க் யூ, ஆன்ட்டி." தம்பியின் அதே குரல்.

தீர்ப்பில் என்னை சாட்சி என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள்.