கடைசித் தாளில் அக்காவின் எழுத்து

பழைய புத்தகம் ஒன்றின் பசை மணம் மூக்கில் பட்டதும், அஞ்சுகிராமத்தில் இன்று செல்போன் கடையாகிவிட்ட வாசகசாலைக்குள் நினைவில் நிற்கிறேன். நாவல் வாசித்தவர்கள் தங்கள் கருத்தைக் கடைசி வெற்றுத்தாளில் பெயர் போடாமல் எழுதிவைப்பார்கள். அப்பா அதைப் படித்துவிட்டுத்தான் புத்தகம் எடுப்பார். அன்று என்னையும் கூட்டிப்போய் அவர் விரித்த தாளில், தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த அக்காவின் குண்டு எழுத்து: "பிடிக்காத கல்யாணத்திலிருந்து இந்தக் கதாநாயகி ஓடியது சரிதான்." மின்விசிறி கறகறக்க, அப்பாவின் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"ஏட்டி, இது யாரு எழுத்து?"

"தெரியாதுப்பா."

"யாரு எழுதுனா என்னவே, புஸ்தகம் வேணுமா வேண்டாமா?" என்றார் நூலகர்.

அப்பா அவரிடமே பேனா வாங்கிக் கீழே எழுதினார்: "சரிதான். ஆனால் அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

பிறகு நாவலை என்னிடம் நீட்டினார்.

"அக்காகிட்ட குடு மக்கா. இன்னொரு தடவ வாசிக்கட்டு."