சர்க்கரை டப்பாவில் ஆளி விதை

என் தம்பி நல்லவன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். போகப்போக எனக்குச் சொல்ல மனம் வராது.

சிதம்பரத்தில் ஒரு மாடியில் ஜிம் நடத்துகிறான். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். ஜிம்முக்கு வருகிற கூட்டத்தைவிட, போனில் அவன் பேச்சைக் கேட்கிற கூட்டம் பெரிது. இட்லியும் சோறும் உடம்பை என்ன செய்கின்றன, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டால் என்ன நடக்கும், முட்டைக்கும் வெண்ணெய்க்கும் ஏன் பயப்பட வேண்டாம் என்று வாரம் தவறாமல் வீடியோ போடுவான். கேட்கிறவர்களை ‘சொந்தங்களே’ என்றுதான் கூப்பிடுவான். அந்தச் சொல்லில் பொய் இல்லை. யாராவது இடுப்பு குறைந்தது என்று எழுதினால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும் அவனுக்கு.

நாங்கள் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். நான் அரசு அலுவலகம் ஒன்றில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிறவள். என் கணவர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பழைய சர்க்கரை நோயாளி. காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். எனக்குக் கல்யாணம் ஆனபோது தம்பி டவுசர் போட்ட பயல். அவனுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். மச்சான் சொல்லிவிட்டான் என்றால் இவரிடம் மறுபேச்சு கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனையும் அதை நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். “ரெண்டு மாசம் உங்கள என் கையில உடுங்க மாமா” என்றான். இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அன்று பகல் முழுக்க என் சமையலறையைக் காலி செய்தான், அதையும் படம் பிடித்தான். சர்க்கரை, வெல்லம், தேன், பிஸ்கட், ரவை எல்லாம் பைக்குள் போயின. காடாம்புலியூரிலிருந்து கடைக்கு வருகிற ஒருவர் கொடுத்த அரைப் பலாப்பழமும் போயிற்று. அவர் கொடுத்த முந்திரி மட்டும் தப்பித்தது, அது சாப்பிடலாமாம். கடைசியில் பூஜை அலமாரியில் இருந்த கற்கண்டையும் எடுத்தான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “ஏன்டா, சாமிக்குமா சுகர் வந்துடும்?” என்று கேட்டேன். நான் கேட்டதை வெட்டாமல் அப்படியே வீடியோவில் போட்டுவிட்டான். அவன் போட்டதிலேயே அதைத்தான் ஜனங்கள் அதிகம் பார்த்தார்கள். ஆபீசில் ஒரு வாரம் என்னை ஓட்டினார்கள், உங்க வீட்டில் சாமிக்கும் டயட்டாமே என்று.

காலியான சர்க்கரை டப்பாவை அவனே கழுவித் துடைத்து, உடம்புக்கு நல்லதென்று கொண்டுவந்திருந்த ஆளி விதையைக் கொட்டி வைத்துவிட்டுப் போனான்.

ஊசியை நிறுத்து என்று அவன் சொல்லவில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட உண்டு. மற்றவர்கள் மாதிரி மருந்தைத் தூக்கி எறியச் சொல்கிற ஆள் நான் இல்லை, மருந்து டாக்டர் பாடு, சாப்பாடு மட்டும் என் பாடு என்பான். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதனால் ஊசி பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது, சோறுதான் இல்லை. காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு மத்தியானம்வரை வெறும் வயிற்றோடு இருப்பார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தொப்பை குறைந்தது. கண்ணாடி முன்னால் நின்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டதற்குக் கோபமாக ஏதோ சொன்னார், நாக்கு குழறியது. கிட்டே போனேன். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. ஊசி ஆரம்பித்த காலத்திலேயே டாக்டர் சொல்லியிருந்தார், இப்படி வேர்த்தால் சுகர் இறங்குகிறது என்று அர்த்தம், யோசிக்காமல் ஒரு பிடி சர்க்கரை கொடுங்கள் என்று. ஓடிப்போய் டப்பாவைத் திறந்து கையை விட்டேன். ஆளி விதை.

வீடு முழுக்கத் துழாவினேன். இனிப்பு என்று சொல்ல ஒரு துளி இல்லை. கற்கண்டு இருந்த கிண்ணம்கூடக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கீழ் வீட்டில் பூட்டுத் தொங்கியது. செருப்பில்லாமல் தெருமுனை டீக்கடைக்கு ஓடினேன். சர்க்கரை டின்னைக் கைகாட்டினேன். டீ மாஸ்டர் ஒரு பேப்பர் கப் நிறைய அள்ளிக் கொடுத்தார்.

நான் திரும்பி வருவதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. தலையை மடியில் வைத்து, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். பாதி கழுத்தில் வழிந்தது, பாதி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தையே பார்த்தார்.

“நீங்க யாரும்மா?” என்றார்.

அவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. அந்தக் கேள்வி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பாட்டில் ஏற்றி, சாயங்காலம் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைக்கும் நான் அழவில்லை. கூப்பிட்ட பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை. சாப்பாட்டை இவ்வளவு குறைத்தால் ஊசியையும் குறைத்திருக்க வேண்டும், ஆரம்பிக்கும் முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார் டாக்டர். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

தம்பி அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டான். கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். இவர் என் பக்கம் திரும்பி, மச்சானை ஒன்றும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன், நடந்ததை உன்னைக் கேட்கிறவர்களுக்கும் சொல்லிவிடு என்று. சரிக்கா என்றான்.

வாரங்கள் போயின. அவன் சொல்லவில்லை. புதுப்புது வீடியோ வந்தது, இது மட்டும் வரவில்லை. என் சமையலறை வீடியோவும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதன் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள். பெயர் இருக்கிற இடத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும், அவள் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாமந்திப்பூ. இன்றைக்கு எங்கள் வீட்டிலும் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டோம், வீட்டுக்காரர் இன்சுலின் போடுகிறவர், நன்றி அண்ணா என்று. அம்மா தாயே, டாக்டரைக் கேள், வீட்டில் சர்க்கரை வைத்துக்கொள் என்று அதற்குக் கீழேயே பதில் எழுதினேன். மறுநாள் பார்த்தால் என் பதில் இல்லை. திரும்ப எழுதினேன். அதுவும் போய்விட்டது. அதற்குமேல் அங்கே நான் எழுதவே முடியாதபடி தடுத்து வைத்திருந்தான். என் கூடப் பிறந்தவன் என் வாயை அடைத்துவிட்டான்.

லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். வழி முழுக்க அவனைக் கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். வீட்டில் அம்மா மட்டும் கட்டிலில் இருந்தாள். அம்மாவும் ஊசி போட்டுக்கொள்கிறவள்தான். அவள் தலைமாட்டில், கை எட்டுகிற இடத்தில், ஒரு குளுக்கோஸ் டப்பா இருந்தது. பக்கத்திலேயே ஸ்பூன். ஏது இது என்று கேட்டேன்.

“உன் தம்பிதான் வெச்சான். தல சுத்துனா ஒடனே வாயில போட்டுக்கன்னான். உங்க வீட்ல அப்படி ஆச்சே, அதுலேருந்து வெச்சிருக்கான்.”

அவன் மாடிப்படி இறங்கி வந்தான். வழியெல்லாம் சேர்த்து வைத்த வசவு ஒன்றும் வரவில்லை எனக்கு. டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

“அம்மாவுக்குச் சொல்லத் தெரிஞ்சுது இல்ல? அதையே அவுங்களுக்கும் சொல்லுடா. சொந்தங்களேன்னுதான கூப்புடற?”

“இதச் சொன்னா நான் சொன்ன எதயும் நம்ப மாட்டாங்கக்கா” என்றான்.

“நம்பாம போவட்டும். உசுரோட இருப்பாங்க.”

அன்றைக்கே பேசினான். ஸ்டாண்டு இல்லை, விளக்கு இல்லை, அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கையில் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு பேசினான். மாமாவுக்கு நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நான் சொன்னதைச் செய்யாதீர்கள் என்றான். பழையதையும் எடுத்துவிடு என்றேன். என் முன்னாலேயே எடுத்தான், என்னை எழுதவிடாமல் தடுத்து வைத்திருந்ததையும் நீக்கினான். அவன்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே வடிந்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது, அந்தச் சாமந்திப்பூப் பெண்ணுக்குப் புது வீடியோவைப் பார்க்கச் சொல்லி எழுதலாம் என்று போனை எடுத்தேன். பழைய வீடியோ இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அதன் கீழே எழுதியிருந்தவர்கள் எல்லாரும் அதோடு போய்விட்டார்கள். அவள் எந்த ஊர், என்ன பெயர், எதுவும் எனக்குத் தெரியாது. அவள் எழுதிய அந்த வரிகள்தான் அவளைப் பிடிக்க இருந்த ஒரே வழி. எடுக்கச் சொன்னவள் நான்.

தம்பியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் போட்ட ஒவ்வொரு வீடியோவிலும் முதலில், “சாமந்திப்பூ படம் வெச்ச அக்கா, ஒரு வார்த்த எழுதுங்க” என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான். கூட்டம் குறைந்துவிட்டது, ஆனாலும் கேட்கிறான்.

எங்கள் டப்பாவில் இப்போது சர்க்கரை இருக்கிறது. காலையில் இவர் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். பிறகு போனை எடுத்து, தம்பியின் வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பவர்களை ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே போகிறேன். அவள் இன்னும் எழுதவில்லை.