மேலே நிற்கும் கப்பல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பெட்டியோடு முன்னறையில் வந்து நின்றபோது மேஜர் கடலுக்கடியில் இருந்தார். பனியனும் அரைக்கால் சட்டையுமாக, மூச்சை அடக்கிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் ஒரு பழைய ஹாலிவுட் படம். நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அடிமணலில் தரைதட்டிக் கிடந்தது. உள்ளே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வியர்த்து வழிய அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். மேலே எதிரியின் போர்க்கப்பல் அவர்களைத் தேடிக்கொண்டிருந்தது.

"அப்பா, கிளம்புறேன்."

மேஜர் திரும்பாமலே விரலை உதட்டில் வைத்தார். "ஷ்ஷ்! மேல கப்பல் நிக்குது."

"கார் வந்துடுச்சுப்பா."

"சத்தம் போட்டா அவனுக்குக் கேட்டுடும். கொஞ்சம் இரு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கீழே டாக்சிக்காரன் ஹாரனை அழுத்தினான். மகள் அப்பாவின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு படியிறங்கிப் போய்விட்டாள். எதிரி ஏமாந்து, கப்பல் கரை சேர்ந்து, கொடி ஏறி, இசை முழங்கிப் படம் முடிந்தது. சோப்பு விளம்பரம் வந்த பிறகுதான் மேஜர் சோம்பல் முறித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"ம், இப்பச் சொல்லு பாப்பா."

வாசலில் அவருடைய செருப்புதான் கிடந்தது. பாப்பா அதற்குள் விமான நிலைய வரிசையில் நின்றிருப்பாள். பனி கொட்டும் ஒரு நாட்டில், முதியோர் இல்லத்தில் வேலை. ஒப்பந்தம் முடியும்வரை திரும்பி வர முடியாது.

மேஜர் என்றதும் பட்டாளத்தில் இருந்தவர் என்று யாரும் எழுந்து நின்றுவிட வேண்டாம். அவர் ஒரு பிஸ்கட் கிடங்கின் மேற்பார்வையாளர். துப்பாக்கி என்று அவர் கையால் தொட்டது, சுவரில் ஆணி அடிக்க வந்தவன் கொண்டுவந்த துளைபோடும் மெஷினைத்தான். அதையும் கீழே போட்டுவிட்டார். பட்டம் கொடுத்தவர்கள் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்கள். லாரி பின்னால் வரும்போது மற்ற கிடங்குகளில் "வரலாம், வரலாம்" என்பார்கள். இவர் ஒரு கையை உயர்த்திக்கொண்டு, "பொசிஷன்! ஹோல்ட்! ஹோல்ட்!" என்பார். டிரைவர் குழம்பிப்போய்ச் சுவரில் இடிப்பான். கேலிக்கு வைத்த பெயரை அவர் நெஞ்சில் குத்திய பதக்கமாக எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை மேலடுக்கிலிருந்து பெட்டிகள் சரிந்தன. "கவர்!" என்று கத்திவிட்டு மேஜர் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. பெட்டிகளைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்தவர்கள் மற்றவர்கள்.

"மேஜர், எந்திரிங்க. குண்டு இல்ல, க்ரீம் பிஸ்கட்" என்றார் ஒருவர்.

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டே, "உங்களுக்குப் பயிற்சி பத்தாதுடா" என்றாராம். இதை அவரே வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

மனைவிக்குத் தெருவில் பெயர் ஊசிக்காரம்மா. பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை. அழுகிற குழந்தை, நரம்பே தட்டுப்படாத கிழவர், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுகிற போலீஸ்காரர், எல்லோரையும் பேச்சுக் கொடுத்தே சமாளித்துவிடுவாள். அவளுடைய ஊசிக்கு இதுவரை சிக்காத ஒரே ஆள் மேஜர். திரையில் ஒருவன் கால் போய்க் கிடப்பதை முறுக்குக் கடிப்பதுபோல் ஒரு சுவாரஸ்யத்தோடு பார்ப்பவர், சர்க்கரை பார்க்க விரலை நீட்டச் சொன்னால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்.

"ஊரான் வீட்டுப் பிள்ளைங்க ரத்தத்தை எல்லாம் லிட்டர் கணக்குல பாக்குறீங்க. உங்களது ஒரு சொட்டு குடுங்களேன்."

"அது போர்க்களம். இது உன் விளையாட்டு."

"ஆமா, விளையாட்டு. சம்பளம் குடுத்து விளையாடச் சொல்றாங்க."

பழைய படங்களுக்கென்றே இருக்கிற ஒரு சேனல்தான் அவருடைய பாசறை. கௌபாய் வந்தாலும் பார்ப்பார், கோட்டும் தொப்பியுமாகத் துப்பறிகிறவன் வந்தாலும் பார்ப்பார். ஆனால் போர்ப் படம் வந்தால்தான் முதுகு நிமிரும். ஆங்கிலம் பாதிதான் புரியும், மீதியை அவரே இட்டுக்கட்டிக்கொள்வார். யார் சாவான் என்பதில் மட்டும் அவர் கணக்குத் தப்பாது. காதலியின் படத்தை எடுத்துக் காட்டுகிறவன் சாவான். போர் முடிந்ததும் கோழிப் பண்ணை வைக்கப்போகிறேன் என்கிறவன் சாவான். கடைசி சிகரெட்டை நண்பனுக்குக் கொடுக்கிறவன் சிகரெட் அணைவதற்குள் சாவான். ஒவ்வொருவனும் விழும்போது, "நான் சொன்னேன்ல?" என்று வெற்றியோடு திரும்பிப் பார்ப்பார். அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

"இந்தப் பாலம் போன மாசமும் உடைஞ்சுதே" என்பாள் ஊசிக்காரம்மா.

"இருடி. இந்தத் தடவை எப்படி உடைக்கிறாங்கன்னு பாக்கலாம்."

சத்தம் வேறு. ரிமோட்டில் ஏற்றுகிற பொத்தான் எழுத்து அழிந்து வழுவழுத்துப்போயிருக்கிறது. குறைக்கிற பொத்தான் கடையிலிருந்து வந்த மெருகு குலையாமல் அப்படியே இருக்கிறது. கீழ்வீட்டு டீச்சர் ஒருநாள் மாடியேறி வந்து, "தப்பா நினைக்காதீங்க, வீட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார்.

"ரெண்டாவது உலகப் போர் டீச்சர். இன்னைக்கு முடிஞ்சிடும்" என்றாள் ஊசிக்காரம்மா.

"நாளைக்கு?"

"நாளைக்கு மறுபடியும் முதல்ல இருந்து."

மகள் போனதை மேஜர் எப்படி எடுத்துக்கொண்டார் என்றால், தன்னை அவமதித்ததாக எடுத்துக்கொண்டார். "சொல்லாமக் கொள்ளாமப் போனவ" என்றார். கிடங்கில் சொன்னார், பால்காரரிடம் சொன்னார், சர்க்கரை எவ்வளவு என்று கேட்ட டாக்டரிடமும் சொன்னார்.

"அவ சொன்னா. நீங்கதான் கேக்கல" என்றாள் மனைவி.

"உத்தரவு வாங்காம முகாமை விட்டுப் போனா அதுக்குப் பேரு வேற. அங்கெல்லாம் சுட்டுடுவாங்க."

"எந்த முகாம்? இந்த ரெண்டு ரூமா?"

அவள் முதலில் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். மகளோ அம்மாவைத் தினமும் கூப்பிட்டாள். பனியைக் காட்டினாள், தான் குளிப்பாட்டிவிடுகிற பாட்டிமார்களின் கதைகளைச் சொன்னாள். அப்பாவைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும், "படம் ஓடுதாம்மா?" என்று கேட்டுவிட்டு வேறு எதையாவது பேசுவாள். பின்னணியில் பீரங்கி வெடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்காமலா இருக்கும்?

ஒருமுறை ஊசிக்காரம்மா ஒரு திட்டம் போட்டாள். விளம்பரம் வருகிற நேரமாகப் பார்த்து மகளைக் கூப்பிடச் சொல்லுவது, போனை அவர் காதில் வைத்து அழுத்திவிடுவது. விளம்பரம் வந்தது, போனும் வந்தது. மேஜர் குளியலறையில் இருந்தார். விளம்பரத்துக்குள் அவருக்கு ஆயிரம் வேலை. ஒன்றுக்குப் போக வேண்டும், மாத்திரை போட வேண்டும், டப்பாவைத் திறந்து மிக்சர் எடுக்க வேண்டும். ஈரக் கையோடு அவர் வெளியே வந்தபோது டாங்கிகள் கிளம்பிவிட்டன.

"பாப்பா லைன்ல இருக்கா."

"இப்பவா? பாரு, ஆத்தைத் தாண்டப் போறான்."

போனில் மகள் சிரித்தது ஊசிக்காரம்மாவுக்குக் கேட்டது. அது சிரிப்புதானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. "விடும்மா, அவன் ஆத்தைத் தாண்டட்டும்" என்று சொல்லி மகள் வைத்துவிட்டாள். அதன்பிறகு ஊசிக்காரம்மா திட்டம் எதுவும் போடவில்லை.

ஒப்பந்தம் முடிகிற சமயம் நெருங்கியது. "இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்கம்மா" என்றாள் மகள்.

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். அங்க வந்தா மட்டும் என்னம்மா? யார் திரும்பிப் பாக்கப் போறாங்க?"

ஊசிக்காரம்மாவுக்கு அன்று இரண்டு வீடுகளில் நரம்பு தப்பிப்போனது. மாலையில் வந்து மேஜரின் முன்னால், திரையை மறைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு வார்த்தை நீங்க பேசினா அவ வருவா. இல்லேன்னா அங்கேயே இருந்துடுவா. நல்லாக் கேட்டுக்கோங்க, இதைத் திரும்பச் சொல்ல மாட்டேன்."

மேஜர் தலையைச் சாய்த்து அவள் இடுப்புக்கும் கதவுக்கும் நடுவே திரையைத் தேடினார். "கையெழுத்துப் போடட்டும். சொல்லாமப் போனவதானே? நகரு, தெரியல."

அவள் நகர்ந்தாள். வேறு என்ன செய்ய?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே நீர்மூழ்கிக் கப்பல் படம். மேஜர் பனியனோடு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஊசிக்காரம்மா கதவோரம் உட்கார்ந்து மறுநாளைக்கான குழாய்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கப்பல் அடிமணலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவன் விரலை உதட்டில் வைத்தான். அந்த நிசப்தத்தையும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று மேஜர் சத்தத்தை இன்னும் ஏற்றினார்.

அப்போது நாற்காலிக் கையில் கிடந்த அவருடைய போன் துடித்தது. அவருக்கு யாரும் செய்தி அனுப்புவதில்லை, கிடங்கிலிருந்துகூட. மேஜர் எரிச்சலோடு எடுத்து, தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். உதடுகள் அசைந்தன. மறுபடி படித்தார். பிறகு போனை மனைவியிடம் நீட்டினார். வெளிநாடு போன பிறகு மகள் அப்பாவுக்கு அனுப்பிய முதல் செய்தி அது.

"அப்பா, மேல நின்ன கப்பல் போயிடுச்சா? இப்பப் பேசலாமா?"

ஊசிக்காரம்மா திரையைப் பார்த்தாள். கப்பல் போகவில்லை. அதன் அடிப்பாகம் பெரிய நிழலாக மேலே நின்றது. மேஜர் போனைத் திரும்ப வாங்கி மகளைக் கூப்பிட்டார். ரிமோட்டை எடுத்தார். அந்த மெருகு குலையாத பொத்தானைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினார். சத்தத்தில் ஒரு கோடு குறைந்தது. இன்னொரு கோடு குறைந்தது. அதற்கு மேல் அழுத்தவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவும் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் வாயைப் பொத்தி, எதிரிக்குக் கேட்காத குரலில், "பாப்பா" என்றார்.