கூரை ஓட்டையில் தெரிந்த வளையம்

நான் படித்தது என் அக்காவுக்குக் கிடைக்க இருந்த படிப்பு. ஒரு பொய் சொல்லி அதை எடுத்துக்கொண்டேன். விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும், போன மாதம்வரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் அறை. பகலிலும் இருட்டான அறைக்குள், தகரக் கூரையின் ஆணி ஓட்டை மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாக் குப்பையில் காம்பு ஒடிந்த வைன் கிளாஸ் ஒன்றின் அடிவட்டம் அக்காவுக்குக் கிடைத்தது. மல்லாந்து படுத்து, அதன் வழியே ஓட்டையைப் பார்த்தாள். புள்ளி வளையமாகிவிட்டது. கொஞ்சம் நகர்த்தினால் வளையம் அறுந்து இரண்டு பிறைகளானது. தன் கொப்பி முடிந்துபோனதால் எல்லாவற்றையும் என் கொப்பியில் வரைந்தாள்.

அதைப் பார்த்த வாத்தியார் லயத்துக்கே வந்தார். கொட்டகலையில் தங்கிப் படிக்க ஒரு பிள்ளைக்கு இடமிருந்தது.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான் சார்."

"மாடு மேய்க்கக்கூட ஒதவமாட்டான்னு நெனச்சேன்," என்று அப்பா சிரித்தார்.

வெளிச்சம் எதனால் இப்படி வளைகிறது என்று வாத்தியார் கேட்டதும் விழித்தேன். அடுப்படியிலிருந்து அக்கா சொன்னாள்: "கண்ணாடி நடுவுல தடிப்பு, ஓரம் மெலிசுங்க சார்."

"தம்பி சொல்லிக்குடுத்தானா?"

அடுப்பை ஊதிவிட்டு, "ஆமாங்க சார்," என்றாள்.

அடுத்த மாதம் அவளுக்குத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தார்கள். நான் புறப்பட்ட அன்று கண்ணாடியை என் பெட்டிக்குள் வைத்து, "பத்திரமா வச்சிரு," என்றாள். கோபமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படமொன்று கைபேசியில் வந்தது. ஒரு விண்மீன் மண்டலத்துக்கு நேர் பின்னால், வெகு தொலைவில் இன்னொன்று. முன்னதன் ஈர்ப்பு பின்னதன் ஒளியை வளைத்து வளையமாக்கியிருந்தது. அக்கா வரைந்த அதே வளையம். வட்டகொடையில் தன் மகன் வீட்டிலிருக்கும் அவளிடம் போய், படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் படத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "முன்னால உள்ளது இல்லாட்டி?"

"பின்னால உள்ளது இவ்வளவு பெருசா தெரியாதுக்கா."

"அப்ப நீ முன்னால நின்னது நல்லதுன்னு சொல்ல வந்தியா?"

"இல்லக்கா. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"சரி. அந்தக் கண்ணாடி எங்க?"

விடுதிக்குப் போன முதல் மாதமே அதை உடைத்திருந்தேன். சொன்னேன். அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சிருன்னுதானே குடுத்தேன்," என்றாள்.

அதை எனக்கே தந்துவிட்டாள் என்றுதான் அன்று நினைத்திருந்தேன்.