அப்பனை உரித்து வைத்த பிள்ளை

குழந்தை இல்லையென்று என் மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து, குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். திருத்தணியில் ஒரு பள்ளியில் நான் பி.டி. மாஸ்டர். விசில் ஊதினால் மைதானமே அசையாமல் நிற்கும். சென்னையில் அந்த டாக்டரம்மா எதிரே, தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாணவனைப்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

என் விந்தில் அணுக்கள் மிக மிகக் குறைவு. ரத்தத்தைச் சோதித்துக் காரணமும் கண்டுபிடித்திருந்தார். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு எனக்குப் பிறவியிலேயே இல்லை. அதற்கு மருந்து கிடையாது. இருக்கிற அணுவில் ஒன்றை எடுத்து ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்திப் பார்க்கலாம்.

"ஆனா பையன் பொறந்தா அவனுக்கும் இந்தக் குறை வரும். பொண்ணுக்கு வராது" என்றார்.

பெண்ணாகவே பார்த்து வைக்க முடியுமா என்று கேட்டேன். சட்டம் அனுமதிக்காது என்றார். மதிய ரயிலிலேயே ஊர் திரும்பினோம்.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, "இத யார் காதுலயும் போடாத நைனா. ஆம்பளைக்கு அசிங்கம்" என்றாள். அடுத்த கிருத்திகைக்கு என் மனைவியை மலைக்கு அழைத்துப்போனாள். படியில் பார்த்த சொந்தக்காரர்களிடமெல்லாம் மருமகளுக்குக் கர்ப்பப்பை பலவீனம் என்று சொல்லிக்கொண்டே ஏறியிருக்கிறாள். மனைவி வந்து அழாமல் இதைச் சொன்னாள். நான் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "அவ பொம்பள, தாங்கிக்குவா" என்றாள் அம்மா. சொந்தக்காரர்களிடம் போய் உண்மையைச் சொல்ல நான் கிளம்பவில்லை. அசிங்கம் என்று அவள் சொன்னதை நானும் நம்பினேன்.

டாக்டரம்மா சொன்ன சிகிச்சையை ஆரம்பித்தோம். முதல் முறை கரு தங்கவில்லை. மனைவியின் வயிறெங்கும் ஊசி போட்ட தடம். மலையடிவாரத்தில் நின்று பெண் குழந்தைக்காக வேண்டிக்கொண்டேன். இரண்டாம் முறை தங்கியது. பையன்.

மலைமேல் மொட்டை போட்டோம். காதோரம் சந்தனம் வழிய அவன் வீறிட்டான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வாங்கிக் கொஞ்சி, "அப்பன உரிச்சி வச்சிகிறான்" என்றார்கள். அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

கீழே வரும் வண்டியில் பிள்ளை தூங்கியபின் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "இவனுக்கு வயசு வந்ததும் நீங்களே ஒக்கார வச்சி சொல்லணும். டாக்டர் கிட்டயும் நீங்களே கூட்டினு போவணும். இன்னொரு வீட்டுப் பொண்ணு என்ன மாதிரி பேச்சு வாங்கக் கூடாது."

சொல்கிறேன் என்றேன்.

இப்போது அவனுக்கு மூன்று வயது. சாயங்காலம் நான்தான் குளிப்பாட்டுகிறேன். வாளித் தண்ணீரை அடித்துச் சிரிப்பான். எனக்கு அவன் முகத்தை நேராகப் பார்க்கக் கூசும். சோப்பு நுரை கண்ணில் படாமல் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.